உன் இஷ்டம்

பதிவு நடக்கும்போது மின்விசிறி போடக் கூடாது; இரைச்சலை மைக் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்தச் சின்ன அறைக்குள் அவன் வேர்த்து வழிந்தபடி நாலாவது முறையாகக் கேப்டனின் வசனத்தைப் படித்தான். "நீ என்னோடு வருகிறாய். இதில் யோசிக்க ஒன்றுமில்லை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். கேப்டன் அவளைக் கட்டிக்கக் கேக்குறான். நீங்க படிக்கிறது கடையில சில்லறை கேக்குற மாதிரி இருக்கு."

அவன் சிரித்துவைத்தான். எட்டு வருடமாக ஒலிப்புத்தகம் படிப்பதுதான் பிழைப்பு. மெல்லிய குரல். போனில் 'மேடம்' என்று கூப்பிடுபவர்களைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டான். இப்போது வந்திருப்பது நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. அட்டையிலிருந்து அட்டை வரை கல்யாணப் பேச்சுதான். ஒரு பெண், இரண்டு ஆண்கள். கேப்டன் எதையும் கேட்க மாட்டான், சொல்வான். பள்ளி ஆசிரியனோ, அவள் எதைக் கேட்டாலும் 'உங்கள் விருப்பம்' என்பான். கடைசியில் கேப்டனுக்கு அவள் கிடைக்கிறாள். ஆசிரியனுக்கு மழையில் நிற்க ஒரு பத்தி கிடைக்கிறது.

ஆசிரியனின் பகுதியை அவன் ஒரே மூச்சில் முடித்திருந்தான். "அச்சு அசல் சார்," என்று ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைக் காட்டினார். அதுதான் மதியத்திலிருந்து உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவன் மனைவி நர்ஸ். வேறு ஊரில், இப்போதிருப்பதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை அவளைத் தேடி வந்திருந்தது. இன்று ஐந்து மணிக்குள் பதில் கொடுக்க வேண்டும். காலையில் தலை வாரிக்கொண்டே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, "நான் என்னங்க சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்மா."

பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். சீப்பு பாதித் தலையில் நின்றது. "சரி," என்றாள்.

போ என்றால் கை கழுவுகிறான் என்று நினைப்பாளோ? போகாதே என்றால் அண்ணனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அண்ணன் நேற்றே போனில் கத்தியிருந்தான்: "பொண்டாட்டி வேலைக்குப் போற ஊருக்கெல்லாம் மூட்டையைத் தூக்கிட்டுப் போவியாடா? நாலு பேரு சிரிக்க மாட்டானா?" உனக்கு என்ன வேண்டும் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இடைவேளையில் மூன்று முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. மணி மூன்றே முக்கால்.

ஐந்தாவது முறை 'நீ என்னோடு' என்பதோடு நிறுத்திவிட்டான்.

"சார், உங்க வயிறு கத்துறது கேக்குது. சாப்பிடலையா?"

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். "கேப்டனை நாளைக்கு வச்சுக்கலாமா?"

"ஏன் சார், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு."

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தான். 'நானும் வர்றேன்' என்றது கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில், வார்டு முனையில் இருந்த மேசையில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் பதறி எழுந்தாள். "என்னங்க, இங்க? என்ன ஆச்சு?"

"போனை எடுக்கலியே."

"வார்டுல எப்படி எடுக்குறது?"

"காலையில நான் சொன்னது..."

"என் இஷ்டம்னீங்க. எழுதிட்டேன்."

தாளை அவன் பக்கம் திருப்பினாள். வேலையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி காலியாக இருந்தது: ஊழியர் குடியிருப்பில் உடன் தங்குவோர்.

"இதை மட்டும் விட்டுவச்சிருக்கேன்," என்றாள். "இது என் இஷ்டம் மட்டும் இல்லையே."

பஸ்ஸில் சேர்த்துவைத்த வாக்கியங்கள் ஒன்றும் கை கொடுக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு," என்றான். குரல் எப்போதையும்விட மெலிந்து வந்தது. "அந்த ஊருல என்னை யாரு படிக்கக் கூப்பிடுவா? பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடுறான்னு சொல்லுவாங்க. ஆனா நீ இல்லாத வீட்டுல நான்..."

அவள் அவனையே பார்த்தாள். "எனக்கு மட்டும் பயமா இல்லையா? அதைத்தான காலையில கேட்டேன்."

ஏழாம் எண் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு அவள் போனாள். பச்சைத் திரை இழுபட்டு அவளை மறைத்தது.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலி வரியில் எழுதப் பேனாவை எடுத்தான். திரைக்குள் அவள் யாருக்கோ நிதானமாக, "ஒண்ணுமில்ல, இப்ப முடிஞ்சிடும்," என்று சொல்வது கேட்டது. திரைக்குக் கீழே அவளுடைய வெள்ளை ஷூக்கள் மட்டும் தெரிந்தன. வலது காலின் நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.