ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்

எங்கள் மாடியில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. ஆரம்பத்தில் இருந்தது. ஆனால் பாதிப் பேர் கையைக் காதுவரை கொண்டுபோய், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, தலையைச் சொறிவதுபோல் இறக்கிவிடுவார்கள். எங்களில் ஒருவரான கணக்கு வாத்தியாருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர்தான் புது விதியைக் கொண்டுவந்தார். ஒரு யோசனை பிடிக்காதவர் எழுந்து நிற்க வேண்டும். ஒரே ஒருவர் நின்றாலும் அது நிறைவேறாது. நின்றவராகப் பார்த்து உட்கார்ந்தால்தான் உண்டு. ஒருமுறை காப்பி மெஷின் வாங்கலாம் என்றபோது தையல்காரர் எழுந்தார். கழுவப்போவது நான்தானே என்று ஒன்றரை மணி நேரம் நின்றார். இன்றுவரை எங்களிடம் காப்பி மெஷின் கிடையாது.

மாடி என்று நான் சொல்வது டயர் கடைக்கு மேலே இருக்கும் நீளமான அறை. ஒரு முனையில் முழங்கால் உயர மேடை, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள், நூறு மடக்கு நாற்காலிகள். சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே பாட்டு நடக்கும். மது கிடையாது, புகை கிடையாது, எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. அதனால் கைக்குழந்தை முதல் கைத்தடி வரை யாரும் வரலாம். நேற்று கிட்டார் வாங்கிய பிள்ளைகளும் பாடலாம், பென்ஷன் வாங்கும் மவுத் ஆர்கன்காரரும் வாசிக்கலாம். நடத்தியவர்கள் நாங்கள் எட்டுப் பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. என் வேலை வாசலில். வருகிறவர்கள் கையில் முத்திரை குத்துவது, குழந்தைகளுக்குக் காதுமூடி மாட்டிவிடுவது, பிறகு அத்தனை காதுமூடிகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. ஒரு கூடை நிறைய இருக்கும். பிள்ளைகள் காதில் என்னவெல்லாம் இருக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

மாடியை ஆரம்பித்தவன் என் தம்பி. அவன் மனைவி அவனை விட்டுப் போன வருடம், அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, கேட்டால் பதில் இல்லை. பத்து மாதம் தினமும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், பாதி நாள் அப்படியே திரும்ப எடுத்துவந்தேன். ஒரு நாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "அக்கா, ஒரு இடம் பார்த்திருக்கேன், வந்து பாரு" என்றான். அன்றைக்கு அவன் கல்லுடைக்கும் இடத்தைக் காட்டியிருந்தாலும் சம்மட்டியைத் தூக்கியிருப்பேன். "ரெண்டு வாரம் மட்டும் வாசலைப் பார்த்துக்கோ" என்றான். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாலைந்து வருடம் எனக்கும் பிடித்திருந்தது. அப்புறம் அலுத்துவிட்டது. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். சனிக்கிழமை கடையிலிருந்து அப்படியே மாடிக்கு ஓடுவேன். அடைத்துக்கொண்ட கழிவறை, காணாமல் போன சாவி, எல்லாம் என் தலையில்தான் விடியும். மூன்று வருடமாக எனக்கு ஒரே ஆசைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாடி போனால் தம்பி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான் என்ற பயம். இன்னொரு முறை அந்தப் பத்து மாதத்தை என்னால் தாங்க முடியாது.

அப்போதுதான் கட்டடக்காரரின் கடிதம் வந்தது. நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் காலி செய்யுங்கள், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். ஐந்து வருடத்துக்கு எத்தனை ஞாயிறு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு காலை எட்டுப் பேரும் மேடைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தோம். எனக்கு நேர் எதிரே தம்பி. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் கடிதத்தை வாசித்தார். "நூலகத்துல புதுசா அரங்கம் கட்டியிருக்காங்க, பிள்ளைங்களுக்கு வாரம் ரெண்டு நாள் தர்றோம்னு சொல்லிட்டாங்க. அதனால பாடுறவங்களுக்கு இடம் இல்லாமப் போகாது" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார். "மாடியை மூடிடலாம். இதான் தீர்மானம். ஆட்சேபனை உள்ளவங்க எழுந்து நிக்கலாம்." தொடரலாமா என்று கேட்காமல் மூடலாமா என்று வேண்டுமென்றேதான் ஆரம்பித்தாராம். பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

யாரும் அசையவில்லை. நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நர்ஸ் தன் நகங்களைப் பார்த்தாள். தையல்காரர் கூரையைப் பார்த்தார். கேபிள் சுருட்டுவதால் வயர் என்று பேர் வாங்கியவன், மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தான். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பொறுப்பது விதி. அரை நிமிடம்தான் பாக்கி என்று நினைக்கிறேன்.

தம்பி எழுந்தான்.

அவன் முகம் சுளித்திருந்தது, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்திருந்தான். இத்தனை பேருக்கு நடுவே அவன் மட்டும் தனியாக நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமையாவது தூக்கமாவது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்றேன். அவன் நிற்பதானால் நானும் நிற்பேன், அவ்வளவுதான். இன்னும் ஐந்து வருடம் காதுமூடி துடைத்துவிட்டுப் போகிறேன்.

தையல்காரர் "அட கடவுளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தம்பி பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ ஏன் நிக்கிற?"

"நீ நிக்கிறியே, அதான்."

"எனக்குக் கால் மரத்துப்போச்சு."

அந்த அறையில் டிரம் செட் சரிந்து விழுந்தபோதுகூட எல்லோரும் அப்படித் திகைத்து நான் பார்த்ததில்லை.

"அப்போ உனக்கு மூடுறதுல சம்மதமா?" என்றேன்.

"சம்மதமாவா? எப்போடா வாத்தியார் கேட்பாருன்னு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷமா எனக்கு முடியலைக்கா. உனக்காகத்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்காகவா?"

"அத்தான் தவறிப்போன அடுத்த வாரமே வந்து வாசல்ல உட்கார்ந்தியே. அழுதுகிட்டே முத்திரை குத்தினியே. உனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான், இதையும் எடுத்துட்டா நீ என்ன ஆவேன்னு நினைச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து அவன் மேல் போட்டிருப்பேன். "அடப்பாவி, அன்னைக்கு நான் வந்ததே உனக்காகடா! எனக்கு எழுந்து நிக்கவே தெம்பில்லை. நான் வரலைன்னா நீ பூட்டைப் போட்டுட்டுப் போய் மறுபடி படுத்துக்குவேன்னு பயந்து வந்தேன்."

அவன் குனிந்து மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் எழுந்து பதினோரு வருஷம் ஆச்சுக்கா."

"அதை என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றேன்.

"குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும்," என்றார் வாத்தியார். "ரெண்டு பேரும் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கீங்க. விதிப்படி..."

"உட்காருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் தையல்காரர்.

"நீ முதல்ல உட்காரு," என்றான் தம்பி.

"நீ உட்காருடா."

"ரெண்டு பேரும் உட்காருங்க!" என்று நர்ஸ் கத்தினாள். உட்கார்ந்தோம்.

அப்புறம் ஒரே சத்தம். வயர் நாற்காலியிலேயே சரிந்து, தனக்கு டிரம்ஸ் சத்தமே ஆகாது என்றும், ஒன்பது வருடமாகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவதாகவும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறதென்று ஒரு வருடமாகப் பொய் சொன்னதை நர்ஸ் ஒப்புக்கொண்டாள். நல்ல இடம்தான், நன்றாகத்தான் நடத்தினோம் என்று வாத்தியார் ஆரம்பித்து முடிக்க முடியாமல் மூக்கைச் சிந்தினார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் மனசு லேசாகி இருந்தது. எங்கள் கூட்டங்களிலேயே அதிகம் சிரித்தது அன்றைக்குத்தான்.

தம்பியும் நானும் கடைசியாக இறங்கினோம். ஒரு ஆம்ப்ளிஃபயரோ கேபிளோ கையில் இல்லாமல் அவன் அந்தப் படியில் இறங்கி நான் பார்த்ததில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பைக்குள்ளும் வெளியிலுமாக விட்டுக்கொண்டு வந்தான்.

தெருவுக்கு வந்ததும் நின்றான். "வாராவாரம் உன் முகத்தைப் பார்த்துட்டு இருந்தேன். இனிமே எப்படிக்கா?"

"என் வீடு மாறலையே. அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"மணியெல்லாம் பார்க்காதே," என்றேன். "நல்லாத் தூங்கிட்டு வா."