அலறல் அட்டை

"அது நான்தான்டி," என்றாள் எவாந்தியா. என் கைப்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த பட்டாணியை மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் அந்தப் படத்தைக் காட்டினேன். என் அண்ணன் மகன் ஸ்தெர்யோஸ் பழைய வீடியோப் படங்களைத் தேடியெடுத்து, கீறல் துடைத்து, ப்ளூரே டிஸ்க்காக வெளியிடுகிறவன். எண்பதுகளில் எங்கள் ஊரில் தியேட்டர் பக்கமே போகாமல் நேராகக் கேசட்டாக வந்த படங்கள் எத்தனையோ. ஒரு வாரத்தில் எடுத்து, ஒரு மாதத்தில் மறந்துபோனவை. இப்போது அவற்றுக்காக உயிரை விட ஒரு கூட்டம் இருக்கிறது. அவனுடைய அடுத்த வெளியீடு 'கீழ்வீட்டுக் கதவு'. அதன் பழைய கேசட் அட்டை ஒன்றுகூட நல்லதாகக் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். எங்கள் பேட்டை தூம்பாவில் பதினெட்டு வருஷம் வீடியோ கடை நடத்தியவள் நான். வெயில் படாத ஒன்று பரணில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அதை இணையத்தில் போட்டான். நூற்றுக்கணக்கில் இதயம் போட்டிருந்தார்கள்.

ஈரத் தலைமுடி, தோளில் கிழிந்த மெல்லிய இரவு உடை, வாய் பிளந்து அலறும் ஒரு பெண். பின்னால் கத்தி பிடித்த கை. ரசிகர்கள் அதற்கு 'அலறல் அட்டை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எவாந்தியாவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். மேல் மாடி வீட்டுக்காரி. குட்டை முடி, மூக்குக் கண்ணாடி, தையல் வேலை. அலறுகிற முகத்தில் யாரை அடையாளம் காண முடியும்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "அந்தப் படத்துல எனக்குத் துணி தைக்கிற வேல. அட்டைக்குப் படம் எடுக்கிற அன்னிக்கு நடிகை வரல. நீ நில்லு, தோள் மட்டும் தெரிஞ்சாப் போதும், முகத்தத் திருப்பிக்கோன்னாங்க. நானும் நின்னேன். தயாரிப்பாளர் பின்னாலேர்ந்து வந்து துணியக் கிழிச்சான். நான் கத்தினேன். அத எடுத்துட்டாங்க."

"அப்ப அது நடிப்பு இல்லையா?"

"எனக்கு எங்கடி நடிக்கத் தெரியும்."

அவள் சொந்த ஊரான லரிசாவில் ஒரு பெட்டிக்கடைக் கண்ணாடியில் அவளுடைய அப்பா அதைப் பார்த்தாராம். நிச்சயம் செய்திருந்த பையன் வீட்டார் ஒரு வார்த்தை பேசாமல் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்களாம். அதற்கப்புறம் எந்த வீடியோ கடை வந்தாலும் தெருவின் எதிர்ப் பக்கம் மாறிவிடுவாளாம். இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் நிறுத்தத்தில் நின்று கூப்பிடுவாள். படம் பிடிக்காதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோடைக்காலம் அந்தக் கேசட்டை நான்தான் கண்ணாடியில் முன்வரிசையில் வைத்திருந்தேன்.

"கேசட்டெல்லாம் செத்தப்போ கோயில்ல போய் மெழுகுவத்தி ஏத்தினேன், தெரியுமா?" என்றாள். "இப்ப அதவிடத் தெளிவா வருதுங்கற."

ஸ்தெர்யோஸிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அது தான்தான் என்று யாருக்கும் தெரியாமலே அந்த அட்டையை நீக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய வழக்கம் ஒன்று அவளுக்குக் கைகொடுக்கும் போலிருந்தது: புது டிஸ்க்குக்கு எந்த அட்டை என்பதை அவன் தானாக முடிவு செய்வதில்லை. முன்பதிவு செய்தவர்களில் நேரில் வருகிறவர்கள் கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்றே ஆளுக்கு ஒன்று முன்பதிவு செய்தோம். எங்கள் வீட்டில் டிஸ்க் போட்டுப் பார்க்கும் கருவிகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நேராக என் பழைய கடைக்குப் போனோம். இப்போது அது ஸ்தெர்யோஸின் அலுவலகம். வாசலில் எவாந்தியா ஒரு நொடி நின்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

எங்களையும் ஸ்தெர்யோஸையும் விட்டுப் பதினோரு பேர் இருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஆண்கள்தான் அதிகம். பூகாட்சா என்கிற இனிப்புப் பலகாரத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் சர்க்கரைப் பொடியோடு, நாட்டின் எல்லைத் தகராறு போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைப்பு எழுத்தின் சிவப்பு, பழைய சிவப்பா புதுச் சிவப்பா என்று கால் மணி நேரம். டிஸ்க் பெட்டியின் முதுகில் வரும் எண், போன வெளியீட்டின் எண்ணோடு அலமாரியில் ஒரே கோட்டில் வரவில்லையென்றால் தனக்குத் தூக்கம் வராது என்றார் ஒருவர். உனக்கு எப்பத் தூக்கம் வந்தது, உன் பொண்டாட்டியக் கேட்டா சொல்வாங்க என்றார் இன்னொருவர். எல்லோரிலும் குரல் உயர்ந்தவர் த்ராசோஸ் என்ற பல் டாக்டர். அட்டையில் ஒரு புள்ளி மாறினாலும் தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார். போன தடவையும் அப்படித்தான் சொன்னாராம்.

மிர்சினி என்ற பெண் புது அட்டை ஒன்று வரைந்து வந்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு, அதன் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். ஆள் யாருமில்லை. எனக்கு அது நன்றாகவே இருந்தது. மின்வாரிய ரசீது மாதிரி இருக்கிறது என்றார் த்ராசோஸ்.

எவாந்தியா கை தூக்கிப் பேச அனுமதி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இருப்பது போல எழுந்து நின்றாள். பழைய அட்டையில் இருக்கிற காட்சி படத்தில் எங்குமே வராது, யாரும் ஈர உடையோடு அலறுவதில்லை, வாங்குகிறவனை அந்த அட்டை ஏமாற்றுகிறது, மிர்சினி வரைந்ததுதான் படத்துக்கு உண்மையானது என்றாள். நான்கு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். தடுமாறாமல் பேசினாள்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு ஸ்தெர்யோஸ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா அந்தக் காலத்துல எல்லா அட்டையும் பொய் சொன்னதுதானே. அந்தப் பொய்க்காகத்தான் நாங்க அதக் காதலிக்கிறோம்."

"அந்த முகத்தப் பாருங்கம்மா," என்றார் த்ராசோஸ். "அப்படி ஒரு பயத்த எந்த நடிகையாலும் காட்ட முடியாது."

ஸ்தெர்யோஸ் கை தூக்கச் சொன்னான். புது அட்டைக்கு நான்கு கை: மிர்சினி, நாங்கள் இருவர், பழைய அட்டையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியார். பழையதற்கு ஒன்பது.

எவாந்தியா உட்காரவில்லை. நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"அது நான்," என்றாள். "அதுல இருக்கறது நான். எனக்கு அது வேண்டாம்."

ஒருவருக்கும் புரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மிர்சினிதான் முதலில் சுவரிலிருந்த பெரிய படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அறை முழுக்க எழுந்து நின்றது. கை தட்டினார்கள். ஸ்தெர்யோஸின் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகப் பெயர் தெரியாத பெண் என்றுதான் எல்லாரும் எழுதி வந்தோம் என்று அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

அவள் பட்டாணி உரிக்கும்போது எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னாள். தயாரிப்பாளர், துணி, கத்தல், லரிசா, மோதிரம். சொல்லி முடித்ததும் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். இனி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி, இந்தக் கதை டிஸ்க்கோடு வருகிற சிறு புத்தகத்தில் கட்டாயம் வர வேண்டும் என்றார். இன்னொருவர், இத்தனை நாள் மறைத்தது போதாதா, இப்போது படத்தையும் எடுத்தால் அந்த அம்மாவை இரண்டாவது தடவை அழிப்பதாகும் என்றார். அதற்கு நிறையத் தலைகள் ஆடின. அவள் ஒவ்வொரு வார்த்தை சொல்லச் சொல்ல அந்த அட்டையின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

"எடுத்துடுங்களேன்," என்றாள் மிர்சினி. "அவங்க வேண்டாங்கறாங்க. அவ்ளோதான."

நானும் சொன்னேன். "டேய் ஸ்தெர்யோ, நான்தான்டா குடுத்தேன். திருப்பிக் குடு."

"அத்தை, செவ்வாய்க்கிழமையே நெட்ல போயிருச்சு. நான் போடலேன்னா வேற எவனாவது போடுவான், அவங்க பேர்கூட இல்லாம." பிறகு ஏதோ வழி கண்டுபிடித்தவன் போல எவாந்தியா பக்கம் திரும்பினான். அட்டையை இரண்டு பக்கமும் அச்சடிக்கலாம். வெளியே மிர்சினியின் கதவு, உள்பக்கம் பழையது. விரும்புகிறவர்கள் உருவித் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும்.

"அப்ப நான் பெட்டிக்குள்ள இருப்பேனா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. வெளிய தெரிய மாட்டீங்க."

இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். த்ராசோஸ்கூட விட்டுக்கொடுத்தார். தான் மட்டும் திருப்பித்தான் வைக்கப்போவதாகச் சொன்னார். அப்படி வைக்கப்போகிறவர்கள் யார் யார் என்று ஸ்தெர்யோஸ் விளையாட்டாகக் கேட்டான். அதே ஒன்பது கை. எவாந்தியா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கிளம்பலாம் என்று அவள் கோட்டை எடுத்தேன். அப்போது த்ராசோஸ் பையிலிருந்து தன் பழைய கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மூலைகள் மழுங்கி, எங்கள் கடையின் முத்திரையோடு இருந்தது. அவ்வளவு பேசுகிற மனிதர், அவள் முன்னால் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு அப்ப பன்னெண்டு வயசுங்க. கோட முழுக்க இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். யாராச்சும் போய் இந்த அக்காவக் காப்பாத்தணும்னு நெனப்பேன்."

"அப்புறம் ஏம்ப்பா அதுக்குக் கை தூக்கின?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுதானேங்க அட்டை," என்றார்.

பேனாவையும் கேசட்டையும் நீட்டிக்கொண்டே நின்றார். எவாந்தியா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கே எழுத வேண்டும் என்று கேட்டாள். அவர் காட்டிய இடத்தில், கிழிந்த தோளுக்குப் பக்கத்தில், தன் முழுப் பெயரையும் எழுதினாள். முதல் தடவையாக அந்த அட்டையில் அவள் பெயர் ஏறியது.

யாரோ அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். த்ராசோஸுக்குப் பின்னால் மற்றவர்கள், கையில் ஆளுக்கொரு பழைய கேசட்டை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.