அண்ணி பெயருக்கு வந்த அட்டைகள்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரார் வீட்டு லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன், தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சு வாங்க ஏறித்தான் போக வேண்டும். அண்ணன், அண்ணி, அவன் என்று மூன்று பேர் இருந்த வீடு. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் சாலையில்தான் இருப்பான். அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகலெல்லாம் நின்றபடி ஊசி குத்திவிட்டு வந்து, வீட்டு வேலையையும் நின்றபடியே பார்ப்பாள். மெக்கானிக் வீட்டில் என்ன செய்வான் என்று கேட்டால், தபால் அட்டைகளை ஆல்பத்தில் சொருகுவான்.

அவனுக்கு அது உயிர். உலகமெல்லாம் ஆள் இருக்கும் ஓர் அட்டைப் பரிமாற்றச் சங்கத்தில் அவன் உறுப்பினர். முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் ஒரு பட அட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தபின், முன்பின் தெரியாத இன்னொருவர் உங்களுக்கு ஒன்று அனுப்புவார். ஒன்றுக்கு ஒன்று, கொசுறு கிடையாது. அவன் சேர்த்தது கலங்கரை விளக்கப் படங்கள். கடலை அவன் நேரில் பார்த்ததே இல்லை, அது வேறு விஷயம்.

அதே சங்கத்தில் ஏதோ ஒரு நாட்டுப் பல் டாக்டர் இருந்தார். அவரும் கலங்கரை விளக்கக்காரர்தான், ஆனால் இவனைவிடப் பல மடங்கு வைத்திருந்தார். அவர் தன் ஆல்பத்தைப் படமெடுத்துப் போடும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். ஒன்றுக்கு ஒன்று என்று போனால் இந்த ஜென்மத்தில் அவரை எட்டிப் பிடிக்க முடியாது.

சங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. யாராவது நோயில் விழுந்தால், வேண்டியவர்கள் ஓர் அறிவிப்புப் போடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் நோயாளியின் பெயருக்கு, பதில் எதிர்பார்க்காமல் அட்டை அனுப்புவார்கள். அட்டை மழை என்று அதற்குப் பெயர். மெக்கானிக் அந்த மழையில்தான் குடையைத் தலைகீழாகப் பிடித்தான். ‘என் அண்ணி இடுப்பொடிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். கலங்கரை விளக்கப் படங்களைப் பார்த்தால் மட்டும் முகம் மலர்கிறது’ என்று எழுதினான். எழுதியதைத் திரும்பப் படித்து அவனே ரசித்தான். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். அண்ணனை நோயாளி ஆக்கியிருக்கலாம், ஆனால் அதற்கு மனசு வரவில்லை. அண்ணியைப் படுத்த படுக்கையாக்க மனசு வந்தது. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை.

அட்டைகள் வந்து குவிந்தன. கீழே இருந்த தபால் பெட்டியின் சாவி அவனிடம்தான் இருந்தது. அண்ணி அந்தப் பக்கமே போகிறவள் இல்லை. படத்தைப் பார்ப்பான், ஆல்பத்தில் சொருகுவான். பின்பக்கத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவன் படிக்கவில்லை. அவன் படிக்காததை வேறு சிலர் படித்துக்கொண்டிருந்தார்கள். தபால் அட்டைக்கு உறை கிடையாது என்பதை, இத்தனை வருஷம் அட்டையோடு புழங்கியவன் மறந்துபோனான்.

அண்ணியும் அவனும் விடுப்பில் இருந்த ஒரு நாளில் கதவு தட்டப்பட்டது. அண்ணிதான் போய்த் திறந்தாள். தபால்காரர் ஒரு பார்சலோடு மூச்சிரைக்க நின்றிருந்தார். கையெழுத்து வாங்க வேண்டிய பார்சல். அந்த அம்மாவால் இறங்கி வர முடியாதே என்று தானே மேலே வந்துவிட்டதாகச் சொன்னார்.

“எந்த ரூம்ல படுத்திருக்காங்கன்னு காட்டுங்க. கட்டில்கிட்டயே போய்க் கையெழுத்து வாங்கிக்கறேன். அவங்க எந்திரிச்சு வர வேண்டாம்.”

படுத்திருப்பது யார் என்று அண்ணி கேட்டாள். அவர் பார்சலில் இருந்த பெயரைப் படித்தார். அது தன் பெயர்தான் என்றாள் அண்ணி. தபால்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. தபால் நிலையத்தில் எல்லாரும் அவளுடைய அட்டைகளைப் படிப்பார்களாம். இடுப்பு இப்போது எப்படி இருக்கிறதோ என்று தினமும் பேசிக்கொள்வார்களாம். அவள் எழுந்து நடமாடுவதைப் போய்ச் சொன்னால் அத்தனை பேரும் சந்தோஷப்படுவார்களாம்.

கூடத்தில் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்க முடியாமல் இருந்தான். அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள். மடியிலிருந்த ஆல்பத்தையும் பார்த்தாள். அவள் மந்தபுத்திக்காரி இல்லை.

“இப்ப தேவலைங்க,” என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கதவு சாத்தியதும் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவனுக்கு. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவளோ பார்சலைப் பிரித்தாள். உள்ளே ஒரு கட்டுக் கலங்கரை விளக்கங்கள். எல்லாவற்றின் மூலையிலும் டேப் ஒட்டிப் பிய்த்த தடம். கூடவே ஒரு சீட்டு. அண்ணி அதை அவன் காதில் விழும்படி வாய்விட்டுப் படித்தாள். எழுதியவளும் படுக்கையில்தான் கிடக்கிறாள், வருஷக்கணக்காக. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் இவை. தனக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டதால், இனி அண்ணியின் சுவரில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.

பிறகு அண்ணி அவன் மடியிலிருந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டாள். அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படித்தாள். வலி குறைந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். தூக்கம் வருகிறதா என்று இன்னொருவர். சாப்பாடு கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று மற்றொருவர். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

“போன மழைக்காலத்துல காய்ச்சல்ல கெடந்தேனே, ஞாபகம் இருக்கா?”

அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அது அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“உங்கண்ணன் ஊர்ல இல்ல. நீ ரூம் வாசல்ல வந்து நின்ன. தண்ணி வேணுமான்னு கேக்கப் போறியோன்னு நெனச்சேன். ‘கத்தரிக்கோல் எங்க அண்ணி?’ன்னு கேட்ட. எந்திரிச்சு வந்து எடுத்துக் குடுத்தேன்.”

எப்போதும் பேச்சுக்குப் பேச்சு தம்பி, தம்பி என்பவள், இப்போது அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தப்புதான் அண்ணி, எல்லாருக்கும் உண்மையை எழுதிவிடுகிறேன் என்று முணுமுணுத்தான். எழுதச் சொன்னாள், ஒருவர் விடாமல்.

“இந்தம்மாவுக்கு மட்டும் நீ எழுதாத. தெரிஞ்சா இவங்களுக்குத் தாங்காது. நான் எழுதிக்கறேன்.”

அவன் பேனாவும் காகிதமும் கொண்டுவந்து கொடுத்தான். உங்கள் படங்கள் வந்த நாளில்தான் எழுந்து நின்றேன், இப்போது நன்றாக நடக்கிறேன் என்று அவள் எழுதினாள். கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைக்கூட மறக்காமல் திருப்பிக் கொடுக்கும் அண்ணி. இன்று ஒரே நாளில் அவளைத் தபால்காரரிடம் ஒரு பொய், நோயாளியிடம் ஒரு பொய் என்று இரண்டு பொய் சொல்ல வைத்துவிட்டான். அதை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உறையை ஒட்டி, போய்ப் போட்டுவிட்டு வரும்படி நீட்டினாள்.

மூன்று மாடியும் இறங்கி வந்தான். தபால்காரர் பக்கத்துக் கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உறையைத் தானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவங்க நமக்காகத் தேவலைன்னு சொல்றாங்களோன்னு ஒரு சந்தேகம். முகம் வாடியிருந்துச்சு. நெசமாவே எப்படி இருக்காங்க?”

நன்றாக இருக்கிறார் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவளுக்கு எங்காவது வலிக்கிறதா, இரவில் தூங்குகிறாளா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, ஒன்றுமே அவனுக்குத் தெரியாது.

“தெரியலைங்க,” என்றான்.