கொள்ளையருக்குத் திறவாத கதவு

சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கென்று தொலைக்காட்சியில் ஒரு குதிரைப்படம் போடுவார்கள். தாய் தகப்பனில்லாத ஒரு சின்னப் பெட்டை, அவளைத் தூக்கிப்போக அலையும் கொள்ளையர், அவளை ஒளித்துவைத்துக் காப்பாற்றும் ஒரு கிழட்டுக் காவல்காரன். குடும்பத்தோடு பார்க்கலாமாம், இரத்தமே காட்டமாட்டார்களாம். நல்ல கதை! ஆறு வயது ஜெசிக்காவை அந்தப் படத்தின் முன்னால் இருத்திவிட்டுத்தான் தாய் அகஸ்ரீனா, வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா திடீரென்று கூப்பிட்டாள் என்று உடுப்பு அயன் பண்ண ஓடினாள். தகப்பன் ஜோக்கிம் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போயிருந்தான்.

உள்ளே கொண்டியைப் போடு, அம்மா வந்து கூப்பிடும்வரைக்கும் ஆர் வந்தாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுப்பில் பருப்பு கிடந்ததை மட்டும் மறந்துபோனாள்.

அது ஞாபகம் வந்தபோது அவள் கையில் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பு. போட்டது போட்டபடி, ஒரு வார்த்தை சொல்லாமல் போர்கோ வெக்கியோவிலிருக்கும் வீட்டுக்கு ஓடிவந்தாள். மூன்றாம் மாடிப் படியில் ஏறும்போதே காஸ் மணத்தது. பருப்பு பொங்கி நெருப்பை அணைத்திருக்கிறது, சிலிண்டர் திறந்தபடி. குளிருக்கென்று யன்னல்களை இறுக்கிச் சாத்தியதும் அவளேதான்.

பூட்டில் திறப்பு திரும்பியது. கொண்டி விடவில்லை.

அம்மா வந்திட்டன், திற குஞ்சு என்று கூப்பிட்டாள். உள்ளே படத்தின் துவக்குச் சத்தமும் குதிரைச் சத்தமும்தான் கேட்டன. என்ரை செல்லம், என்ரை ராசாத்தி என்று கெஞ்சினாள். ஓடிவந்த இளைப்பில் குரல் அவளுக்கே ஆரோவுடையது போலிருந்தது. எதிர்வீட்டுச் சிசிலிக்காரி வந்து, தன் பங்குக்கு இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டு கதவில் குத்தினாள். கிழிஞ்சது போ! உள்ளே கதிரை இழுபட்டது. பிள்ளை கதவுக்கு முட்டுக்கொடுக்கிறாள். சிசிலிக்காரி கதவை உடைக்க ஆள் கூட்டிவரக் கீழே ஓடினாள்.

அகஸ்ரீனா நிலத்தில் விழுந்து கதவின் கீழிடுக்கில் வாயை வைத்தாள். காஸ் முகத்தில் அடித்தது. பிள்ளை இருமுவது கேட்டது. மாதாவே, என்ரை பிள்ளை போகப்போகுது என்று முனகினாள்.

"ஏன் குஞ்சு திறக்கிறாயில்லை?"

"நீ அம்மா இல்லை," என்றது உள்ளேயிருந்து சின்னக் குரல். "படத்திலையும் கள்ளி ஒருத்தி வந்து அந்தப் பெட்டையின்ரை மாமி மாதிரிக் கொஞ்சித்தான் கூப்பிட்டவள். அந்தப் பிள்ளை திறந்திட்டுது, பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். என்ரை அம்மா குஞ்சு எண்டு சொல்லமாட்டா. ஏசுவா."

பொய்யா சொல்கிறது பிள்ளை? வீடு வீடாய் நிலம் துடைத்துவிட்டு வருகிறவளுக்குக் கொஞ்ச எங்கே நேரம்! குளிக்கவார்க்கும்போது ஏச்சு, சோறு தீத்தும்போது ஏச்சு. சரி, ஏசித் தொலை என்று தன்னையே உலுக்கினாள். வாய் வரவில்லை. நாள் முழுக்க நெருப்பாய் ஏசுகிறவளுக்கு இப்போது அழுகை மட்டும்தான் வந்தது. உள்ளே இருமல் நின்றுபோனது.

அதோடு வெறிபிடித்தவள் போல எழும்பினாள்.

"எடி எருமை! மூதேசி! கொண்டியை எடுக்கிறியோ, முதுகுத்தோலை உரிக்கவோ? சனியன், திறவடி!"

கதிரை சரிந்து விழுந்தது. கொண்டி கழன்றது.

பிள்ளையைத் தூக்கிவந்து படியில் இருத்திவிட்டு, திரும்ப உள்ளே பாய்ந்து சிலிண்டரைப் பூட்டி, யன்னல்களை அகலத் திறந்துவிட்டு ஓடிவந்தாள். ஜெசிக்கா வெளுத்துப்போய்ச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தது. அகஸ்ரீனா அவளை மார்போடு இறுக்கி, என்ரை குஞ்சு, என்ரை குஞ்சு என்று குழறினாள்.

அந்தக் கைகளுக்குள் பிள்ளையின் உடம்பு விறைத்தது. மெல்ல முகத்தை விலக்கித் தாயை உற்றுப் பார்த்தாள்.

"ஏசுங்கோ அம்மா," என்றாள்.