தியாமிகேயின் பிரசவம்

இடம் இல்லை என்று கணினி மறுபடியும் சொன்னது. எஸ்நாத் அதில் வந்த சிவப்பு அறிவிப்புப் பெட்டியை மூடினாள். திறந்தது. மூடினாள். திறந்தது. கட்டிலில் ஃபைனெஸி துணியை இடுப்புக்கு இறக்கிவிட்டுப் படுத்திருந்தாள். வயிற்றில் தடவிய பசை காய்ந்து வெள்ளையாகக் கோடு விட்டிருந்தது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்துதான் சிஸ்டர். கொஞ்சமாத்தான் ரத்தம் பட்டுச்சு."

"வலி?"

"இல்ல."

இல்லை என்று சொன்ன வேகம் எஸ்நாத்துக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வாரம். இதற்கு முன் தங்கிய இரண்டும் நாலாம் மாதம் தாண்டவில்லை. விடியுமுன் கிளம்பி, இரண்டு மேடு ஏறி இறங்கி நடந்து வந்திருக்கிறாள். பதினோரு வாரத்தில் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தால் குடல் ஓடுவதுதான் கேட்கும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று சொல்ல இந்தக் கணினியும் அதன் வயரின் நுனியில் இருக்கும் ஸ்கேன் கருவியும்தான் உண்டு. இடம் இல்லாவிட்டால் அது படமே காட்டாது. மாவட்ட மருத்துவமனை அறுபது கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் நேற்று ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியது, இன்னும் திரும்பவில்லை.

இரண்டு மாதமாக இதே தொல்லை. எஸ்நாத் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்துவிட்டாள். பயிற்சி வீடியோக்கள் போயின. தங்கை மகனின் கல்யாணப் படங்கள் போயின. அழித்த மறுவாரமே இடம் நிரம்பிவிடும். பூட்டிய வீட்டுக்குள் யாரோ வந்து தங்கியிருப்பதுபோல இருந்தது.

பத்து மணிக்கு லுசுங்கு நியிரெண்டாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாவட்டத்தில் உள்ள எல்லாச் சுகாதார நிலையங்களின் கணினிகளையும் பழுதுபார்க்க அவன் ஒருவன்தான். நாற்பது வயதுக்காரன். வடக்கே பிறந்தவன், அதை மறக்காதவன், பிறரையும் மறக்க விடாதவன். வண்டியின் பின்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கட்டியிருந்தது. இந்த டெட்ஸா மலைக்கு வேலையாக வருகிறவர்கள் கிழங்கை வாங்கிவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பார்கள்.

"திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன் சிஸ்டர். பாட்டுதான். உங்க வாட்ச்மேன் சர்ச் பாட்டையெல்லாம் இதுல கொட்டி வெச்சிருப்பாரு."

"அதைப் போன மாசமே அழிச்சாச்சு. மனுஷன் இன்னும் எங்கிட்ட பேசுறதில்ல."

"அப்ப வைரஸ்."

"அதை நீங்க பாருங்க. படிச்சவங்க எல்லாம் வடக்கேதானே இருக்கீங்க."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். எஸ்நாத் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். திரைக்குப் பின்னால் ஃபைனெஸி துணியை மேலே ஏற்றும் சரசரப்பு கேட்டது. எஸ்நாத் பஞ்சை எடுத்து, வெட்டியே வைத்திருந்த துண்டுகளை மறுபடி வெட்டினாள்.

பத்து நிமிடம் கழித்து லுசுங்கு தட்டுவதை நிறுத்தினான்.

"சிஸ்டர், யாரு இந்த தியாமிகே?"

எஸ்நாத் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருஷமா மாசமா இருக்கா. ஆயிரத்து முன்னூத்திப் பதினேழு தடவை ஸ்கேன் எடுத்திருக்கீங்க. ஒரு நாள் ஒன்பது தடவை. யானைக்கே ரெண்டு வருஷத்துல ஆயிடுது."

சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது என்று அவள் யோசிப்பதற்குள் அவன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். சுவரோரப் பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மடியில் குழந்தை, சிலர் முதுகில்.

"இங்க தியாமிகே யாரு?"

ஒருத்தி மூக்கால் சிரித்தாள். முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்த பருத்த பெண் மலிதா கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவளும் தூக்கினாள். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் வாயை மூடிக்கொண்டே தூக்கினாள்.

"உங்களுக்கு எந்த வருஷத்துத் தியாமிகே வேணும்?" என்றாள் மலிதா. "நான் போன வருஷத்தவ. இவ இந்த வருஷம்." இடித்தாள். இடிபட்டவள் அவசரமாகக் கையை இறக்கினாள். "ஐயோ, இல்ல. இவ யாருமில்ல. இவ சும்மா இருமலுக்கு வந்தா."

பெஞ்சே குலுங்கியது.

இந்த மலையில் வயிறு தானாகச் சொல்லும்வரை வாய் சொல்லாது. யார் காதில் விழும், அந்தக் காதுக்கு உரியவர் மனதில் என்ன இருக்கும், யாருக்குத் தெரியும். வாயால் சொல்வதே அப்படி என்றால், பெயரோடு சேர்த்து எழுதி வைப்பது இன்னும் மோசம். கணினி வந்திறங்கிய அன்று முதலில் படுத்தவளிடம் எஸ்நாத் பெயர் கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெயர் இல்லாமல் கணினி நகர மறுத்தது. பத்தொன்பது வருடம் மரக்குழலையும் பத்து விரலையும் வைத்துக்கொண்டு, இருக்கும், நல்லாத்தான் இருக்கும் என்று ஊகத்தைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவள் எஸ்நாத். அன்று காலை அவள் வாயில் ஒரே சொல்தான் இருந்தது. தியாமிகே. நன்றி சொல்வோம். அது பெண்ணுக்கு வைக்கிற பெயரும்கூட. அதையே அடித்தாள். அடுத்தவள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். எனக்கும் அதையே போடுங்க சிஸ்டர் என்றாள்.

ஐந்தாம் மாதம், இனி மறைக்க முடியாது என்றானபின், அவர்கள் கையில் நோட்டோடு வந்து சொந்தப் பெயரைச் சொல்வார்கள். புதிய பதிவு திறக்கும். பிள்ளை பிறந்ததும் எஸ்நாத் அதை முடித்து வைப்பாள். ஐந்தாம் மாதம் வராதவர்களும் இருந்தார்கள். அவர்களை அவள் எதுவும் கேட்டதில்லை.

லுசுங்கு திரும்பி வந்து உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"என் வீட்டுக்காரி எனக்கே நாலாம் மாசந்தான் சொன்னா" என்றான். "சரி. விஷயம் இதுதான். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இது ஒரு சின்ன வீடியோ பிடிச்சு வைக்குது. பிரசவம் ஆச்சுன்னு நீங்க எழுதினதும் வீடியோவைத் தானாக் கழிச்சிடும். படம் மட்டும் தங்கும். தியாமிகேக்கு நீங்க எழுதவே இல்ல. அதான் ஒண்ணுகூடக் கழியல. மொத்த இடத்துலயும் அவதான் குடியிருக்கா."

"நீங்களே அழிச்சிடுங்க."

"மாசமா இருக்குறவ வீடியோவை அழிக்க இது விடாது. பின்பக்கமாப் போயி அழிச்சா மத்தவங்க பதிவும் குலைஞ்சிடும். ஒரே வழிதான். அவளுக்குப் பிரசவம் ஆகணும்."

ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். உயிரோடு பிறந்தது. இறந்து பிறந்தது. கலைந்தது. வேறு ஊருக்குப் போய்விட்டார்.

"ஊருக்குப் போயிட்டாள்னு போடுங்க" என்றாள் எஸ்நாத்.

"போட்டா அந்த ஊருக்குத் தகவல் போகும். பாவம், ஒருத்தன் சைக்கிளை எடுத்துக்கிட்டு வீடு வீடாத் தேடுவான். செத்துப் பொறந்துச்சு, கலைஞ்சதுன்னு போட்டா விசாரணைக்கு ஆள் வரும். ஏன், எப்படின்னு."

மிஞ்சியது முதல் வரி மட்டும்தான்.

"நான் பதிவுல பொய் எழுதுனதில்ல" என்றாள் அவள்.

"ஆறு வருஷமா எழுதிட்டுத்தானே இருக்கீங்க?"

"அது பேரு. பேரு வேற. பொறந்துச்சா இல்லையாங்கிறது வேற."

அவன் தோளைக் குலுக்கினான். எஸ்நாத் கணினித் திரையைப் பார்த்தாள். ஆயிரத்து முன்னூற்றுப் பதினேழு வரி, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. மலிதாவுடையது எங்கோ இருக்கும். அந்தப் பிள்ளை இப்போது வராந்தாவில் தாயின் தலைத்துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்த வீடியோ தேவையில்லை. ஆனால் ஐந்தாம் மாதம் வராதவர்களின் பிள்ளைகளுக்கு வேறு பதிவு கிடையாது. சில நொடி நேரம் அவை அசைந்ததும் இந்த வரிகளுக்குள்தான். வீடியோ போனால் படம் தங்கும். அசைவு தங்காது.

திரைக்குப் பின்னாலிருந்து ஃபைனெஸி கேட்டாள்.

"சிஸ்டர், என்னோட அந்த ரெண்டும் இதுலதான் இருக்கா?"

"இருக்கு."

"அசையுறதா?"

எஸ்நாத் சற்றுத் தயங்கினாள். "முதல்ல வந்தது அசையுது. கடலை பறிக்கிற மாசம் வந்தியே, அது."

பார்க்கிறாயா என்று கேட்கலாமா என எஸ்நாத் நினைத்தாள். கேட்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. லுசுங்கு தன் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டுடுங்க சிஸ்டர்" என்றாள் ஃபைனெஸி. "உயிரோட பொறந்துச்சுன்னே போடுங்க. இது இருக்கான்னு பாருங்க."

எஸ்நாத் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதல் வரியைத் தொட்டாள். கணினி விடவில்லை. அடுத்த கேள்வி வந்தது.

"எத்தனை பிள்ளைன்னு கேக்குது" என்றான் லுசுங்கு. "ஒரு இலக்கம்தான் எடுக்கும். ஒன்பதுன்னு போட்டுடாதீங்க. பத்திரிகைக்காரன் வந்துடுவான்."

ஒன்று என்று அடித்தாள்.

"ஆணா பொண்ணா?"

"பொண்ணு" என்றது ஜன்னல். மலிதாவும் இன்னும் இரண்டு பேரும் கம்பியில் முகத்தை வைத்து நின்றார்கள். எஸ்நாத் அவர்களை விரட்டக் கையைத் தூக்கினாள், பிறகு அந்தக் கையாலேயே பெண் என்று அடித்தாள்.

"எடை?"

"மூணு கிலோ."

"ஆறு வருஷம் சுமந்தவளுக்கு மூணு கிலோதானா?" என்றாள் மலிதா. "நல்லாக் கூட்டிப் போடுங்க சிஸ்டர்."

"மூணு இருநூறு."

"தாய் எப்படி இருக்காங்கன்னு கேக்குது."

எஸ்நாத் ஜன்னலைப் பார்த்தாள். "நல்லா இருக்கா" என்றாள். அடித்தாள்.

திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. சிவப்பாக நிறைந்திருந்த பட்டை வலது ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியது. முதலில் நூல் அளவு. பிறகு விரல் அளவு. ஜன்னலில் மலிதா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டில் எழும் குலவை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று முழுக்கத் தெரியாது. பிள்ளை பிறந்தது மட்டும் தெரிந்தது. அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். தடுப்பூசிக்காகக் காத்திருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தன. வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடிவந்து, யாருக்கு, யாருக்கு என்று கேட்டார்.

"தியாமிகேக்கு" என்றார்கள்.

"கடவுளுக்கு நன்றி" என்று அவர் தொப்பியைக் கழற்றினார்.

லுசுங்கு எழுந்தான். "இனிமே ஆளுக்கொரு பேரு வெச்சுக்குங்க. என்ன பேரு வேணா இருக்கட்டும். ஒருத்தி தலையிலேயே எல்லாத்தையும் ஏத்தாதீங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிலின் பக்கம் பார்க்காமல் வெளியே போனான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

எஸ்நாத் திரையை விலக்கினாள். ஃபைனெஸி துணியை இறக்கினாள். புதிய பதிவு பெயர் கேட்டது. எஸ்நாத்தின் விரல் பழக்கத்தில் முதல் எழுத்தை அடித்துவிட்டது. அழித்தாள். சற்று யோசித்து, தன் பெயரை அடித்தாள். ஐம்பத்திரண்டு என்ற வயதை நம்பாமல் கணினி ஒருமுறை கேட்டது. ஆமாம் என்றாள்.

பசையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித் தடவினாள். கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறம் கலங்கிக் கலங்கி ஓடியது. வெளியே குலவை இன்னும் ஓயவில்லை. அவள் மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள். சாம்பலுக்கு நடுவே ஒரு கருப்பு வந்தது, நழுவியது, மறுபடி வந்தது.

ஃபைனெஸி திரையைப் பார்க்கவில்லை. எஸ்நாத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்நாத்தின் கை நின்றது. அவள் கண் திரையிலிருந்து சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று, திரும்பி வந்தது. துடிப்பை எண்ணி உதடு மட்டும் அசைந்தது. நான்கு, ஐந்து, ஆறு. சத்தம் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. ஃபைனெஸி அந்த உதட்டையே பார்த்தாள். கட்டிலின் இரும்பு விளிம்பைப் பற்றியிருந்த அவள் கையில் ஒரு விரல் மட்டும் தளர்ந்து, மேலே எழுந்து, இரும்பில் தட்டத் தொடங்கியது. மிக வேகமாக.