என் முட்டிவலியும் அக்காவின் இடுப்பும்

அக்கா இல்லாத வீட்டில் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக் காலைப்பொழுது ஞாபகம் வந்துவிடுகிறது.

ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடிக்கப் போய், விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் வந்து, "வலி எவ்வளவு இருக்கும்மா? இல்லவே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து," என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு," என்றாள்.

நெற்றி முழுக்க வியர்வை. பிடித்த கட்டில் கம்பியை விடவே இல்லை. ரெண்டாம்.

எனக்குக் காரணம் தெரியும். என் முட்டிவலியை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. படியில் நான் முனகினாலே, "ஆரம்பிச்சுட்டா நாடகக்காரி," என்பாள். இப்போது என் எதிரில் வலிக்கிறதென்று ஒப்புக்கொள்வதைவிட, இன்னொரு பக்க இடுப்பையும் உடைத்துக்கொள்வது அவளுக்குச் சுலபம்.

"ரெண்டுன்னா மாத்திரையோட சரி," என்றாள் நர்ஸ். "ஆனா இன்னைக்கு நீங்க எந்திரிச்சு நிக்கணும். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகு புண்ணாகும். அப்புறம் நடக்கவே முடியாமப் போயிடும்."

"சரி, மூணு போட்டுக்கோ."

"என்னக்கா, கத்தரிக்காயா வாங்கற?" என்றேன்.

"நீ சும்மா இருடி. உன் முட்டிக்கு எத்தனை போடுவ?"

"ஏழு."

"பாத்தியாம்மா. ரெண்டு மாடி ஏறி வந்து நிக்கிறா. ஏழாம்."

நர்ஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்று என்னை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள். திரை என்ன சுவரா, துணிதானே. நான் ஒட்டி நின்றேன்.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க. சொல்லுங்க."

"ஒன்பது," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "அவகிட்ட சொல்லிடாதம்மா."

ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை நர்ஸ் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கோணலாக, ஆனால் நின்றாள்.

"கண்ணு ஏன்டி சிவந்திருக்கு?"

"முட்டி வலிக்குது."

"நாடகக்காரி. உக்காரு முதல்ல," என்றவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "இவளுக்கும் ஏதாவது மாத்திரை இருந்தா குடும்மா. ஏழெல்லாம் இல்ல. ஒரு மூணு இருக்கும்."