பூஜை போட்ட சர்வர்

"சார், அரை மணி நேரம் சர்வரை நிறுத்தணும்" என்று மாரிசெல்வி அன்று காலையும் கேட்டாள். மேலாளர் நரசிம்மன் அன்று காலையும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அது 1998. மண்ணூர் பக்கத்துக் கார் சீட் தொழிற்சாலையில், எந்தச் சீட்டை எப்போது தைப்பது என்று லைனுக்குச் சொன்னது அந்த ஒரு சர்வர்தான். அதன் புராசசரிலேயே ஒரு பிழை. குறிப்பிட்ட ஒரு கட்டளையை யார் ஓட்டினாலும், பாஸ்வேர்டு கீஸ்வேர்டு கேட்காமல், மொத்தக் கணினியும் உறைந்துவிடும். சிப்பைத் திருத்த வழியில்லை. ஆனால் கணினியை உள்ளிருந்து ஆளும் கெர்னலுக்குத் திருத்தம் வந்திருந்தது. அதைப் போட்டு, ஒருமுறை அணைத்து ஏற்றினால் போதும். அந்தக் கட்டளையைக் கெர்னலே மடக்கிவிடும்.

மாரிசெல்வி கோவில்பட்டிக்காரி. கணினி அறையில் பயிற்சி இன்ஜினியர். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தாள்.

"லைன் ஓடும்போது நிறுத்தறதா? ஆயுத பூஜைக்கு லைன் நிக்கும். அப்ப பண்ணிக்க."

ஆயுத பூஜையன்று திருத்தம் இருந்த சிடியோடு வந்தாள். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஓர் எலுமிச்சம்பழம்.

"பூஜையில வச்சத இன்னிக்குத் தொடக்கூடாதும்மா. இதுகூடத் தெரியாதா?"

"நீங்கதான சார் இன்னைக்குச் செய்யச் சொன்னீக?"

"அதான் பூஜை போட்டாச்சே. இனிமே ஒண்ணும் ஆவாது."

மறுநாள் விஜயதசமி. இன்ஜினியரிங் சேர்ந்திருந்த மகன் ஹேமந்தை அழைத்துவந்து, நல்ல ஆரம்பமாக இருக்கட்டும் என்று சர்வர் முன் உட்காரவைத்தார் நரசிம்மன். அவன் ஒரு ஃபிளாப்பியைச் செருகினான்.

"தம்பி, வெளி ஃபிளாப்பி இதுல போடக்கூடாது."

"நல்ல நாளும் அதுவுமா தடை சொல்லாதம்மா" என்றார் நரசிம்மன்.

"ஜோக் புரோகிராம்ப்பா. பிரெண்டு குடுத்தான்." ஹேமந்த் எண்டரைத் தட்டினான்.

திரை உறைந்தது. அணைத்து ஏற்றியபோது பாதி எழுதிய தரவெல்லாம் குழம்பிக் கிடந்தது. மதியம்வரை லைன் நின்றது. ஃபிளாப்பி ஹேமந்தின் பைக்குள் திரும்பிவிட்டது.

விசாரணை சுருக்கமாக முடிந்தது.

"இப்படி நிக்கும்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார் பணியாளர் துறை மேலாளர் சுப்பிரமணி.

"நான்தான் சார். எத்தனையோ தடவ சொன்னேன், யாரும் கேக்கல."

"அப்ப எப்படி நிறுத்தறதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

"பூஜை அன்னிக்கே சர்வரத் தொடணும்னு நின்னா சார்" என்று நரசிம்மன் உதவினார்.

மாலையில் வாசலில் வாட்ச்மேன் தணிகாசலம் அவள் பையைச் சோதித்து, கம்பெனிப் பொருளாக இருக்கும் என்று அந்த சிடியை எடுத்துவைத்துக்கொண்டார். உள்ளே சர்வர்மேல் புது எலுமிச்சம்பழம் ஏறியிருந்தது.

"இன்னாம்மா, நீதான் கம்ப்யூட்டர நிறுத்திட்டியாமே?"

"ஓட்டை இருக்குன்னு சொன்னவள வெளிய அனுப்பிட்டாக அண்ணாச்சி. ஓட்டை உள்ளயேதான் இருக்கு. சொல்றவங்களத் தண்டிச்சா அடுத்த ஆபத்த யாரு வந்து சொல்லுவா?"

தணிகாசலம் யோசித்தார். ஃபோம் கிடங்கின் தீ அலாரம் வேலை செய்யவில்லை என்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். நாளைக்கு மேலே சொல்வதாக இருந்தார்.

சொல்லவில்லை.